புதுப் புல்தரைக்கு மேல் ஷேட் நெட்டா, தென்னங்கீற்றா?

மண்டபம், பாம்பன் பக்கம் வீட்டு முன்னால் புல் நட்டவர்களுக்கு உடனே வரும் கவலை, வெயிலுக்கும் காற்றுக்கும் எதைப் போட்டு மூடுவது என்பதுதான். நாங்கள் அருகம்புல்லை நட்டு, பாதி இடத்துக்குக் கீற்றும் பாதிக்குப் பச்சை ஷேட் நெட்டும் போட்டோம். இப்போது நான் நெட் கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

விலையில் கீற்றுதான் மலிவு, அதில் பேச ஒன்றுமில்லை. ஈரம் காப்பதிலும் கீற்றுக்கே முதலிடம். இங்கே போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. மணல் காயக் காய உப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் கீற்று அதை நன்றாகவே தடுத்தது.

ஆனால் அருகு வெயில் குடித்து வளரும் புல். கரும்பு, சோளத்தைப் போல அதற்கு நேர்வெயில் வேண்டும். நிழலில் படராமல் மேலே நீளும். வேர் பிடித்தபின் கீற்றை விலக்கிப் பார்த்தால், இலைகள் வெளிறி நூல் நூலாக நீண்டிருந்தன. கணுக்களில் புது வேர் அதிகம் இறங்கவில்லை. ஈர்க்கு நெடுகக் கரையான் மண் வேறு. நெட்டுக்கு அடியில் புல் குட்டையாக, தரையோடு ஓடியிருந்தது.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது இதுதான்: எடுத்து எடுத்துப் போட முடிகிறதா? மூடாக்கு முதல் சில நாளைக்குத்தான் மருந்து, அப்புறம் அதுவே கெடுதல். முழங்கால் உயரத்தில் கட்டிய நெட்டைக் காலையில் ஒரே ஆளாகச் சுருட்டிவிட்டு, உச்சி வெயிலுக்கு மட்டும் விரிக்கலாம். மூடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் புல் வெயிலுக்குப் பழகிவிடும். கீற்றில் அது நடக்காது. இடுக்கு வழியே ஓடிவந்த கொடிகள், தூக்கும்போது கூடவே பிய்ந்து வரும். கடையில் 75 சதவீத வெயிலை மறைக்கும் நெட்டைக் காட்டினாலும் 50 சதவீதமே கேளுங்கள்.

நெட்டுக்கு எதிரி காற்று. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மூலைக் கட்டுத்தான் முதலில் கிழியும். ஓரத்தை மடித்துத் தைத்து உள்ளே கயிறு ஓட்டினால் இழுவை ஒரே இடத்தில் விழாது. பழைய மீன்வலையைத் தரையில் விரிக்கிறவர்களும் உண்டு. கோழி கிளறாமல் தடுக்கச் சரி, நிழல் கிடையாது; ஆட்டுக்கால் சிக்கினால் தனி வம்பு. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அது குளிர்நாட்டில் சூடு காக்கப் போடுவது. நம் வெயிலில் அதையே களையை வேகவைத்துக் கொல்லப் பயன்படுத்துகிறார்கள்.

நாங்கள் நட்டது தை மாதம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நெட் எப்படி நிற்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. கொரியன் புல்லும் நான் வளர்த்ததில்லை; அது கொஞ்சம் நிழல் தாங்கும் என்பதால் கீற்றின் கெடுதல் அதில் குறைவாக இருக்கலாம்.

புல் பிடித்தபின் கீற்று அடுப்புக்குப் போனது. நெட்டுக்கு மட்டும் ஆள் வந்தது. "தம்பி, சும்மாதானே கெடக்கு, குடுங்க. கருவாடு காயப்போட்டா காக்கா தொல்லை தாங்கல" என்று பக்கத்து வீட்டு அக்கா வாங்கிப் போனார்.