பால்டர்ஸ் கேட் முதல் டிஸ்கோ எலிசியம் வரை: பினாங்கிலிருந்து ஒரு கால் நூற்றாண்டு அனுபவம்

பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்டை மறுபடியும் ஆடி முடித்திருக்கிறேன். 1999 டிசம்பரில் வெளிவந்த கேம் அது. பள்ளிக்கூட நாளில் ஆடினேன், வேலைக்குப் போன பிறகு ஆடினேன், இப்போது நாற்பதைத் தொடும் வயதிலும் ஆடுகிறேன். இதுவும் பால்டர்ஸ் கேட் வரிசையும் என்னுடைய எல்லாக் கணினிகளிலும் முதலில் ஏறிய கேம்கள். மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து பட்டர்வொர்த்துக்கு வீடு மாறிய போதும் கூடவே வந்தன. இத்தனை நாள் பழகியவன் என்ற முறையில் இரண்டு விஷயங்களைச் சொல்ல நினைக்கிறேன். தனியாக உட்கார்ந்து, ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் ஆடும் இந்த வகை ஆர்பிஜி கேம்கள் நடுவில் ஏன் தேய்ந்து போயின? இன்று ஒருவர் புதிதாக ஆட உட்கார்ந்தால் அவை எப்படி இருக்கும்?

முதலில் பால்டர்ஸ் கேட். 1998 டிசம்பரில் ஐந்து சிடிகளில் வந்தது. மேலிருந்து பார்க்கும் கோணம், கையால் வரைந்தது போன்ற காடு, ஊர், சத்திரம், ஆறு பேர் கொண்ட ஒரு குழு. கதைப்படி அந்த வட்டாரத்தில் இரும்பு கெட்டுப் போயிருக்கிறது. ஊர்க்காரர்கள் புலம்புவதைக் கேட்டுவிட்டு நகர்ந்தால், அடுத்த சண்டையில் நம் கையில் இருக்கும் வாளே உடைந்து விழும். அடுத்த ஊருக்குப் போகும்வரை கையில் கிடைத்த தடியை வைத்துச் சமாளிக்க வேண்டும். கதை சொல்வதும் கையில் நடப்பதும் ஒன்றாக இருந்தது அப்போதே என்னைப் பிடித்துக்கொண்டது.

நான் தமிழ்ப்பள்ளி மாணவன். ஆறாம் ஆண்டு முடித்து, மலாய் வழிப் படிப்புக்குத் தயார் செய்யும் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து, பிறகுதான் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனேன். மலாய் ஓரளவு வரும், ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான். அப்பா பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர். அவருடன் வேலை செய்த ஒருவர் விற்ற பழைய கணினிதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதில் இந்த கேமை ஓட்டியபோது திரையின் கீழ்ப்பகுதியில் ஒரு பெட்டி நிறைய ஆங்கிலம். முதல் வரிக்கு மட்டும் குரல் வரும், மீதி எல்லாம் எழுத்து. நாம் ஒரு பதிலைத் தேர்ந்தெடுக்கும்வரை எதிரில் நிற்பவர் நின்றுகொண்டே இருப்பார். பக்கத்தில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு உரையாடலுக்கு அரைமணி நேரம்கூட எடுத்துக்கொள்ளலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். வகுப்பில் எனக்குக் கிடைக்காத பொறுமை அந்தப் பெட்டியில் கிடைத்தது. இந்த கேம்களைப் பற்றி நான் சொல்ல வந்ததே இதுதான்: எழுத்து ஆடுபவனுக்காகக் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பு போனதிலிருந்துதான் சரிவு ஆரம்பித்தது.

எங்கள் கைக்கு வந்தது நகல் சிடி. அன்றைக்குப் பினாங்கில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கைக்கு எட்டியது அது ஒன்றுதான். பிளாஸ்டிக் உறையில் சிடி மட்டும் இருக்கும், கையேடு இருக்காது. கையேடு இல்லாமல் இந்த கேமை ஆடுவது பெரும் பாடு. அதில் இருப்பது, மேசையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு விதிகள். கவசத்தின் எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும், சுழியத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது. எதிரி மேல் அடி படப் பகடையில் எந்த எண் விழ வேண்டும் என்பதற்குத் தாக்கோ என்று ஒரு கணக்கு வேறு. பெரிய எண் நல்லது என்று நினைத்துப் பையன்கள் எல்லோரும் குழம்பினோம். கடைசியில் சீனப் பள்ளியிலிருந்து வந்த வகுப்புத் தோழன் ஒருவனின் அண்ணனிடம் அசல் பெட்டி இருப்பது தெரிந்தது. அந்தக் கையேட்டை கொம்தார் பக்கம் ஒரு போட்டோஸ்டேட் கடையில் முழுதாக நகல் எடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டி, முறை வைத்துப் படித்தோம். மந்திரங்களின் பட்டியலை நான் தமிழில் குறித்து வைத்த நோட்டு இன்றும் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது.

பிளேன்ஸ்கேப் அதற்கு அடுத்த படி. பிணவறையில் கண் விழிக்கும் ஒருவன், பெயர் தெரியாதவன், செத்தாலும் மறுபடி எழுபவன். சண்டை பெரும்பாலும் பேச்சிலேயே தீர்ந்துவிடும். அதில் ஒரு இடத்தை மட்டும் நெருங்கிப் பார்க்க வேண்டும். டாக்கான் என்ற துணைவனிடம் ஒரு கல் இருக்கிறது, வளையத்துக்குள் வளையமாகச் செதுக்கிய கல். ஒரு வளையத்தைத் திருகித் திறந்தால் அவனுடைய இனத்தின் பழங்கதை ஒன்று கிடைக்கும். படித்தது மட்டும் போதாது, அதன் பொருளை அவனிடமே சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த வளையத்தைத் திறக்கும் வழியைக் காட்டுவான், ஒரு மந்திரமும் கிடைக்கும். நம் பாத்திரத்துக்கு அறிவும் ஞானமும் போதுமான அளவு இருந்தால், அவனே எட்டாத இடத்துக்குப் போய் அவனுக்கே பொருள் சொல்லலாம். கற்றுக் கொடுத்தவன் நம்மிடம் கற்றுக்கொள்கிறான். அவனுடைய பலமும் கூடுகிறது. வாள் ஒரு முறைகூட உறையை விட்டு வராமல் இவ்வளவும் நடந்துவிடும். பழைய பாட்டுக்கு ஒருவர் எழுதிய உரையை வைத்துக்கொண்டு இன்னொருவர் அதற்கு மேல் விளக்கம் சொல்வது போன்ற வேலை இது. சின்ன வயதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. இந்த முறை ஆடும்போது அந்த உரையாடல்களில் டாக்கான் எதை மறைக்கிறான் என்பதும் தெரிந்தது.

அந்த ஒரு கேமில் ஏறக்குறைய 8 லட்சம் சொற்கள். பெரும்பகுதிக்குக் குரல் கிடையாது. அதனால்தான் அவ்வளவு எழுத முடிந்தது. எழுதுகிறவர் காலையில் ஒரு வரியை மாற்றி, மாலையில் உரையாடலுக்கு ஒரு புதுக் கிளையைச் சேர்த்துவிடலாம். அதையே பேச வைக்க வேண்டும் என்றால் நடிகர் வேண்டும், ஒலிப்பதிவுக் கூடம் வேண்டும்; பதிவு முடிந்த பிறகு வரியைத் தொட முடியாது. யாரும் போகாத கிளைக்குப் பணம் செலவழிக்க நிறுவனம் தயங்கும், கிளைகள் ஒவ்வொன்றாக வெட்டப்படும்.

இது எப்படி நடந்தது என்று ஆண்டு வாரியாகவே பார்க்கலாம். 2002இல் வந்த மோரோவிண்ட் பெரும்பாலும் எழுத்து. போக வேண்டிய இடத்துக்கு வழியை ஆட்கள் வாயால் சொல்வார்கள்: ஆற்றைத் தாண்டு, வடக்கே திரும்பு, பாறையின் பின்னால் பார். அதே நிறுவனத்தின் ஆப்லிவியனில், 2006இல், எல்லோருக்கும் குரல் வந்தது, திரையில் திசைகாட்டி அம்புக்குறியும் வந்தது. நீளமான வழியைப் பேச வைப்பதைவிட அம்புக்குறி போடுவது மலிவு. 2007இல் மாஸ் எஃபெக்ட் வந்தபோது நம் பாத்திரத்துக்கே குரல் கொடுத்தார்கள். அவன் சொல்லப் போகும் வாக்கியம் திரையில் முழுதாக இல்லை, அதன் சுருக்கம் மட்டும் ஒரு வட்டத்தில் நிற்கும். நல்ல கேம்தான், ரசித்து ஆடினேன். ஆனால் என் வாயிலிருந்து என்ன வரும் என்பது வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எனக்கு அதிகம் வலித்தது ஃபால்அவுட். 1997இல் வந்த முதல் கேமில் அறிவுப் புள்ளியை அடிமட்டத்தில் வைத்தால், நம் பாத்திரத்தால் ஒழுங்காக வாக்கியம் பேச முடியாது. உறுமுவான், ஓரிரு சொல் சொல்வான். எதிரில் இருப்பவர்களும் அதற்கேற்ப நடந்துகொள்வார்கள். சிலர் பரிதாபப்படுவார்கள், பலர் வேலையே கொடுக்க மாட்டார்கள். அதே உலகத்தில் வேறொரு கேமை ஆடுவது போல இருக்கும். 2015இல் வந்த ஃபால்அவுட் 4இல் நாயகனுக்குக் குரல் இருந்தது, எந்த உரையாடலுக்கும் நான்கே பதில்கள்தான் இருந்தன. அறிவு குறைந்தவனுக்காக எல்லா வரிகளையும் இன்னொரு முறை பதிவு செய்ய யார் பணம் தருவார்கள்?

தொலைக்காட்சியும் ஒரு காரணம். 2000க்குப் பிறகு பணம், தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் கன்சோல் பக்கம் போனது. அன்றைய தடித்த தொலைக்காட்சிப் பெட்டியில், சோஃபாவில் உட்கார்ந்துகொண்டு, பத்தி பத்தியாகப் படிக்க முடியாது. அதனால் பால்டர்ஸ் கேட் என்ற பெயரிலேயே 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த டார்க் அலையன்ஸ் வெறும் அடிதடி கேமாக இருந்தது. ஃபால்அவுட் 2ஐயும் பிளேன்ஸ்கேப்பையும் செய்த பிளாக் ஐல் நிறுவனம் 2003 டிசம்பரில் மூடப்பட்டது, பாதியில் இருந்த அடுத்த ஃபால்அவுட்டும் அதோடு போனது. ஃபால்அவுட்டை உருவாக்கியவர்களில் மூவர் வெளியேறித் தொடங்கிய ட்ராய்கா நிறுவனம் 2005இல் முடிந்தது. அவர்களுடைய கடைசி கேமான பிளட்லைன்ஸ், ஹாஃப்-லைஃப் 2 வந்த அதே நாளில், 2004 நவம்பரில் கடைக்கு வந்தது. யார் கண்ணிலும் படவில்லை.

எங்கள் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. இங்கே எங்கள் தலைமுறை கேம் ஆடக் கற்றது சைபர் கஃபேயில். மணிக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று எண்ணிக்கொண்டிருக்கும் இடத்தில் நின்று நிதானமாகப் படிக்க யாருக்கு மனம் வரும்? கடை மூடும்போது கணினியில் சேமித்ததை அழித்துவிடுவார்கள் என்பதால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியாது. கவுன்டர்-ஸ்டிரைக், பிறகு ரேக்னராக், பிறகு டோட்டா என்று எல்லாமே அந்த இடத்துக்குப் பொருந்தியவை: கையில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஆடிவிட்டு எழலாம், பக்கத்து நாற்காலியில் நண்பன். பள்ளி முடிந்து சீருடையோடு போன பையன்களில் தனி ஆர்பிஜி தெரிந்தவன் வகுப்புக்கு ஒருவன் இருந்தால் அதிகம். எங்களுக்கு அவை பரவவே இல்லை என்பதுதான் உண்மை. வீட்டில் சொந்தக் கணினியும், தொந்தரவு இல்லாத இரவும் கிடைத்தவர்களுக்கு மட்டும் வாய்த்தவை.

மீட்சி வந்தது ரசிகர்களின் பையிலிருந்து. 2008இல் தொடங்கிய ஜிஓஜி என்ற இணையக் கடை பழைய கேம்களை இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்து, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் போடாமல் விற்றது. பள்ளி நாளில் நகலில் ஆடியவற்றை எல்லாம் முதல் சம்பளங்களிலிருந்து அங்கே காசு கொடுத்து வாங்கினேன். கையேடுகளும் கூடவே கிடைத்தன. 2012இல் அப்சிடியன் என்ற கேம் நிறுவனம், பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் கேட்டபோது மக்கள் ஏறக்குறைய 4 மில்லியன் டாலர் கொடுத்தார்கள், 2015இல் பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி வந்தது. எழுத்து நிறைய இருக்கிறது, ஆனால் சில இடங்களில் உலகத்தின் வரலாற்றைப் பாடமாக ஒப்பிக்கிறது. பழையதன் தோற்றத்தைப் பிடித்த அளவுக்கு அதன் சுறுசுறுப்பைப் பிடிக்கவில்லை என்பது என் கருத்து.

2019இல் எஸ்தோனியக் கலைஞர்களிடமிருந்து வந்த டிஸ்கோ எலிசியம்தான் எனக்கு முழு நிறைவு. வாள் சண்டை கிடையாது. நாயகனின் தலைக்குள் இருக்கும் திறமைகளே ஆளுக்கு ஆள் பேசி, அவனோடு சண்டை போடுகின்றன. 10 லட்சம் சொற்களுக்கு மேல். 2021இல் எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்தார்கள். அப்போதும் எழுத்து முழுதாகத் திரையில் நின்றது, நம் சொடுக்குக்குக் காத்திருந்தது. 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 பெரும் பொருட்செலவில் எல்லா நடிகர்களையும் பேச வைத்தாலும், நம் பாத்திரத்தை மட்டும் உரையாடலில் மௌனமாக விட்டது. பதில்கள் முழு வாக்கியமாகப் பட்டியலில் இருக்கும். அந்த ஒரு முடிவால்தான் அதற்குப் பழைய மூச்சு வந்தது என்று நம்புகிறேன்.

என் அக்கா மகன் படிவம் நான்கு. நாள் முழுக்கக் கைபேசியில் மொபைல் லெஜண்ட்ஸ் கேம். அவனுக்கு டிஸ்கோவைப் போட்டுக் கொடுத்தேன். "மாமா, எங்க போணும்னு அம்புக்குறியே காட்டமாட்டேங்குதே," என்றான். "அந்த அம்மா சொன்னத இன்னொரு தடவ படிடா," என்றேன். ஒரு வாரம் சத்தமில்லை. பிறகு திரையைப் படமெடுத்து அனுப்ப ஆரம்பித்தான், இந்த ஆள் பொய் சொல்றானா மாமா என்று கேட்டு. இந்தத் தலைமுறைக்குப் படிக்கப் பொறுமை இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. படிக்கக் கொடுத்தால் படிக்கிறார்கள்.

புதிதாக ஆட நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பால்டர்ஸ் கேட் முதல் இரண்டுக்கும் பிளேன்ஸ்கேப்புக்கும் என்ஹான்ஸ்டு எடிஷன் என்ற மெருகேற்றிய பதிப்புகள் இருக்கின்றன, அவற்றையே வாங்குங்கள். எழுத்தின் அளவைக் கூட்டலாம். நாற்பது வயதுக் கண்ணுக்கு அது பெரிய உதவி. டேப் பொத்தானை அழுத்தினால் தொடக்கூடிய பொருட்கள் ஒளிரும். டேப்லெட்டிலும் ஓடும், பினாங்குப் பாலத்து நெரிசலில் பேருந்தில் உட்கார்ந்து நான் பாதி ஆடியது அப்படித்தான். பால்டர்ஸ் கேட் முதல் கேமின் தொடக்கம் கடுமையானது. மந்திரவாதி ஒரு ஓநாய் கடித்தாலே போய்ச் சேர்ந்துவிடுவான். குறுகிய சுரங்கங்களில் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு திணறுவார்கள், இத்தனை ஆண்டு கழித்தும் அது எரிச்சலூட்டுகிறது. சண்டை அலுப்புத் தட்டினால், சண்டையை மிக எளிதாக்கும் ஸ்டோரி மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இழப்பு ஒன்றுமில்லை. பிளேன்ஸ்கேப்பில் கடைசிக் கால்வாசியில் எழுத்து குறைந்து சண்டை கூடும், அங்கே கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

ஆர்க்கேனத்துக்கு மட்டும் இன்னும் இப்படி ஒரு பதிப்பு இல்லை. ட்ராய்கா 2001இல் செய்தது. ரயிலும் நீராவி இயந்திரமும் வந்துவிட்ட மந்திர உலகம். மந்திரத்தில் தேறியவனுக்கு இயந்திர உலகத்து மருந்து சரியாகப் பிடிக்காது, அதைக் கதை முழுக்க விடாமல் கடைப்பிடித்திருப்பார்கள். ரசிகர்கள் போட்ட திருத்தங்களை ஏற்றினால் இன்றைய கணினியிலும் ஓடுகிறது, எழுத்து மட்டும் எறும்பளவு. அதன் உரிமை இருப்பவர்கள் அந்த எழுத்தைப் பெரிதாக்கித் தந்தால் முதல் நாளே மறுபடி காசு கொடுத்து வாங்குவேன்.