புதுச் செயின் வழுக்குகிறதா? அதே கடையா, வேறு கடையா, நம் கையா?

என் ஏழு கியர் சைக்கிளுக்குப் புதுச் செயின் போட்டு எடுத்து வந்த மறுநாள், மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தேன். ‘கடக்’ என்று செயின் பல்லைத் தாண்டியது. முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்ததில் கண் இருட்டிவிட்டது. அடுத்து எங்கே போவது என்று அன்றைக்கு நிறைய யோசித்தேன்.

முதலில் அதே கடைக்குத்தான் போக வேண்டும். மற்ற வழிகளில் எதைத் தொட்டாலும் இந்த வழி அடைபடும். "வேற யாரோ கை வச்சிருக்காங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. ஸ்டாண்டில் ஏற்றி, கையால் பெடலைச் சுற்றி, "நல்லாத்தானே ஓடுது" என்பார்கள். ஓடும்தான். பாரம் விழுந்தால்தான் வழுக்கும். அதனால் மெக்கானிக்கையே ஏறி மிதிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு வழுக்கியது நான் தினமும் ஓட்டும் இரண்டு பல்சக்கரங்களில் மட்டும். குனிந்து பார்த்தால் பற்கள் மெலிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. பழைய செயின் நீள நீள, ஃப்ரீவீல் (பின்சக்கரத்திலுள்ள பல்சக்கரத் தொகுதி) பல்லும் கூடவே தேய்ந்துவிடும். புதுச் செயினில் பின்னுக்குப் பின் சரியாக அரை அங்குலம். தேய்ந்த பல்லில் அது உட்காராது. பழைய செயினில் 24 பின் இடைவெளியை அளந்தாலே போதும். புதிதில் 12 அங்குலம். அதைவிட அரைக்கால் (1/8) அங்குலம் கூடியிருந்தாலே ஃப்ரீவீலும் பெரும்பாலும் போயிருக்கும். இதை அளந்து சொல்லாதது கடையின் தவறு. ஃப்ரீவீல் எப்படியும் மாற்ற வேண்டியதுதான், அந்த விலையை நாம் கொடுப்பது நியாயம். கூலியை மறுபடி கேட்பது நியாயமில்லை.

வேறு கடைக்குப் போனால் இன்னொரு கண் பார்க்கும், காசு இரண்டு முறை போகும். செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் டீரெய்லரை மாட்டும் ஹேங்கர் என்ற துண்டு வளைந்திருந்து, அதை நிமிர்த்தும் கருவி முதல் கடையில் இல்லையென்றால் மட்டும் போகலாம்.

நம் கையால் செய்ய ஒன்று உண்டு. மிதிக்கும்போது கட்கட்டென்று சத்தம் வந்து, கியர் தானாகத் தாவினால் அது கேபிள் இழுவை. டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள். டீரெய்லர் எதுவரை நகரலாம் என்று நிறுத்தும் எல்லைத் திருகுகளை மட்டும் தெரியாமல் தொடாதீர்கள். தப்பானால் செயின் ஸ்போக்குக்குள் விழும்.

அப்படிக் கடைக்காரர் வைத்த கோளாறில் சக்கரமே போய், அவரும் கைவிரித்தால், நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. பில்லைப் பத்திரமாக வையுங்கள். சில நூறு ரூபாய் கூலிக்கு நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

எனக்கு அது தேவைப்படவில்லை. தெருமுனை வரை மிதித்துப் போன மெக்கானிக், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். சாயங்காலத்துக்குள் புது ஃப்ரீவீல் மாட்டிவிட்டார். கூலி வாங்கவில்லை.