ராபர்ட் ஃபிராங்கா, எட் ரூஷேயா?

முதல் போட்டோபுக் (படங்களே பேசும் புத்தகம்) செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் புகைப்படக் கலைஞர் ஃபிராங்க் பக்கம்தான் சாய்கிறார்கள். 'தி அமெரிக்கன்ஸ்' (பாரிஸ், 1958) புத்தகத்தில் இருப்பது 83 படங்கள். எடுத்ததோ 27,000-க்கும் மேல். கறுப்பு வெள்ளையையும் கிரெய்னையும் (ஃபிலிமின் புள்ளித் தன்மை) காப்பியடிப்பது சுலபம், படங்களை அடுக்கிய வரிசையைத்தான் கற்க வேண்டும். லாங் பீச்சில் துணி போர்த்திய கார். பக்கத்தைத் திருப்பினால் அரிசோனாவில் சாலை ஓரம் போர்வை மூடிய சடலம். இரண்டாவது படம் முதல் படத்தையே மாற்றிவிடுகிறது. இப்படிக் கழித்துக் கோக்க ஒரு செமஸ்டர் போதாது.

ஓவியர் ரூஷேயின் வழி வேறு. 'ட்வென்டிசிக்ஸ் கேசொலின் ஸ்டேஷன்ஸ்' (1963) சிறிய புத்தகம், முதல் பதிப்பு 400 பிரதிகள். தலைப்பு முதலில் பிறந்தது, பிறகுதான் படங்கள். 26 பெட்ரோல் பங்குகள், அலங்காரமே இல்லை. (அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வேண்டாமென்று திருப்பியனுப்ப, அதையே அவர் விளம்பரமாக்கினார்!) தலைப்பே விதிமுறையாகக் கையில் இருப்பதால் வேலை முடியும், ஆனால் விதிமுறை சப்பென்றிருந்தால் புத்தகமும் சப்பென்றுதான் இருக்கும்.

நேரம் குறைவென்றால் என் ஓட்டு ரூஷேவுக்கே. கையில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் படங்கள் குவிந்திருந்தால் ஃபிராங்க். சின்னச் சின்ன பிரிண்ட்டுகளாகப் போட்டுத் தரையில் பரப்பி, அடுக்கி மாற்றிப் பாருங்கள். லேப்டாப் திரையில் அது பிடிபடாது.