பீநட் பட்டர்: கடைப் போத்தலா, வன்னிக் கச்சானா?

சீனியும் வேறு எண்ணெயும் சேராத பீநட் பட்டர் வேண்டுமென்று கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ சுப்பர் மார்க்கெட்டுக்குப் போனால், போத்தலின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். "கொலஸ்ட்ரோல் அற்றது" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கச்சானில் கொலஸ்ட்ரோல் எப்போதுமே இல்லை! சீனி, உப்பு, கொழுப்பின் அளவைக் காட்டும் நம் நாட்டு நிற அடையாளமும் இங்கே அவ்வளவு உதவாது. 100 கிராமில் கொழுப்பு 17.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. கச்சானின் எடையில் பாதியளவு கொழுப்புத்தான், அதனால் கலப்பில்லாத போத்தலுக்கும் சிவப்பே விழும். பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலைத்தான் வாசிக்க வேண்டும். எடை கூடியது முதலில் வரும்.

வழக்கமாகக் கிடைக்கும் வெளிநாட்டுப் போத்தல்களில் கச்சான், சீனி, ஹைட்ரஜனேற்றிய தாவர எண்ணெய், உப்பு என்று இருக்கும். கச்சானின் எண்ணெய் மேலே பிரிந்து நிற்காமல் இருக்கத்தான் அந்தத் தாவர எண்ணெய், அளவும் கொஞ்சம்தான். எனக்குச் சீனிதான் பெரிய குறை. கச்சானின் சொந்தச் சீனி 100 கிராமுக்கு நான்கைந்து கிராம். லேபிளில் ஒன்பது, பத்து என்றிருந்தால் மிச்சம் சேர்த்தது.

"நச்சுரல்" என்று எழுதியவை இதைவிட நல்லவை என்று நினைத்துக் கூட விலை கொடுக்கிறோம். அவற்றிலும் பல, ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்க்குப் பதில் பாம் எண்ணெய் சேர்த்தவை. சீனி அப்படியே இருக்கும். இதற்கு நான் காசு கொடுக்கமாட்டேன்.

கச்சான் மட்டும், அல்லது கச்சானும் உப்பும் என்ற போத்தல் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். மேலே எண்ணெய் மிதந்தால் அது பழுதல்ல, கிளறினால் சரி. ஆனால் எங்கள் பக்கத்துக் கடைத் தட்டுகளில் அது கிடைப்பது அரிது, விலையும் கை கடிக்கும்.

அப்புறம் ஏன் அலைய வேண்டும்? முல்லைத்தீவு மணல் நிலத்தில் கச்சான் விளைகிறது. அங்கே வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனால் கச்சான் கடை வரிசையைத் தாண்டித்தான் வர வேண்டும். கோதுடன் மணலில் வறுத்ததை வாங்கி உடைத்து, தோலைக் கசக்கிப் புடைத்துவிட்டு மிக்சியில் போடுங்கள். முதலில் மாவாகும், பிறகு கட்டியாகி ஓரத்தில் ஒட்டும். இங்கேதான் பலர் பொறுமையிழந்து தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறார்கள். தேவையில்லை. மிக்சியை நிறுத்தி, ஓரத்தை வழித்து, சூடு ஆறவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். கச்சான் தன் எண்ணெயை விட்டு, திடீரென்று இளகிப் பளபளவென்று சுழலும். ஒரு சிட்டிகை உப்புப் போதும். மிளகாய்த்தூள் அரைக்கும் மில்லுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள், களியாகிக் கல்லில் அப்பிவிடும்.

கடைப் போத்தல் மாதக்கணக்கில் வெளியே தாங்கும். வீட்டில் அரைத்தது வன்னி வெயிலுக்குச் சிக்கு வாடை பிடிக்கும். கொஞ்சமாக அரைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பாணுக்குப் பூசக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

கச்சானைப் பொறுக்குவதில் மட்டும் கவனம் வேண்டும். ஈரத்தில் கிடந்த கச்சானில் பூஞ்சை பிடித்து அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. சுருங்கியது, கறுத்தது, கசப்பது எதுவும் மிக்சிக்குள் போகக்கூடாது. பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால் இன்னும் கறாராகப் பொறுக்குங்கள்.