பஞ்சிகாவத்தையில் பழைய போட் எஞ்சின் வாங்கப் போகிறீர்களா?

சித்தப்பாவின் பைபர் படகுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கடையில் 40 குதிரைவலு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று வாங்கினோம். முதல் நாளே முகத்துவாரத்தைத் தாண்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இறுகி நின்றுவிட்டது. வேறொரு படகுதான் கட்டி இழுத்து வந்தது.

விற்றவர் சொன்னது இதுதான்: "இது ஒயில் இன்ஜெக்ஷன் அண்ணன். கலக்கிற வேலையே இல்லை. இந்த டாங்கியில ஒயில் விடுங்கோ, பெற்றோலைச் சும்மா ஊற்றுங்கோ." பீப்பாய்த் தண்ணீரில் வைத்து ஓட்டியும் காட்டினார். ஒரே இழுவையில் ஸ்டார்ட்.

கரையில் மெக்கானிக் மூடியைக் கழற்றினார். டாங்கியிலிருந்து ஒயிலைத் தானாக எஞ்சினுக்கு அனுப்பும் பம்பையே காணோம். அது இருந்த இடத்தில் ஒரு தகடு. ஒயில் டாங்கியிலிருந்து வரும் குழாயின் நுனியில் போல்ட் அடித்து அடைத்திருந்தது. எச்சரிக்கை பஸரின் வயரையும் வெட்டிவிட்டார்கள். நாங்கள் ஊற்றிய ஒயில் ஒரு சொட்டும் குறையாமல் டாங்கியில் அப்படியே இருந்தது!

கார் எஞ்சினைப் போல இதற்கு அடியில் ஒயில் தேங்காது. காபரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக்கில் பெற்றோலும் காற்றும் முதலில் ரீட் வால்வு என்ற ஒருவழிக் கதவு வழியாக, பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும் கிராங்க் கேஸ் அறைக்குள் போய், பிறகுதான் சிலிண்டருக்கு ஏறும். போகிற வழியில் பேரிங்கும் பிஸ்டனும் நனைவது அதில் கலந்திருக்கும் ஒயிலால் மட்டும்தான். பம்ப் இல்லையென்றால் கையால் கலக்க வேண்டும். 50க்கு 1 என்றால் 25 லீற்றருக்கு அரை லீற்றர். வெறும் பெற்றோலில் ஓட்டினால் பிஸ்டன் உரசிச் சூடேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

பம்பைக் கழற்றியதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். பழைய பம்ப் நடுக்கடலில் நின்றுபோகும் என்று பயந்து நிறையப் பேர் கழற்றிவிட்டு, கலந்து ஓட்டுகிறார்கள். அதை மறைத்து விற்றதுதான் அநியாயம்.

அப்புறம் அந்த 'இன்ஜெக்ஷன்' என்ற சொல். சித்தப்பா அதைக் கேட்டதும் பெற்றோல் செலவு குறையும் என்று நினைத்துவிட்டார். பெற்றோல் செலவைக் குறைப்பது டைரெக்ட் இன்ஜெக்ஷன், அது வேறு சாதி. சாதாரண டூ-ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் வாசல் திறந்திருக்கும்போதே புதுக் கலவையும் உள்ளே வருவதால் கொஞ்சம் எரியாமலே வெளியே ஓடிவிடும். டைரெக்ட் இன்ஜெக்ஷனில் பெற்றோலை நேரே சிலிண்டருக்குள், பெரும்பாலும் அந்த வாசல் மூடிய பிறகு அடிப்பார்கள். எங்களுடையது காபரேட்டர் எஞ்சின்தான்.

கடையில் எப்படி ஓடியது? விற்றவருடைய சிவப்பு டாங்கியில் இருந்தது ஏற்கெனவே கலந்த பெற்றோல். நீலமாகத் தெரிந்ததை நானே பார்த்தேன். போட் ஒயிலுக்குச் சாயம் போட்டிருப்பார்கள் என்று அப்போது உறைக்கவில்லை.

திரும்பிப் போனோம். "நீங்க ஒயில் விட மறந்திருப்பீங்க" என்றார். பில்லில் 'பழைய எஞ்சின் 1' என்று மட்டும் எழுதியிருக்கிறது.

வாங்குகிறவர்கள் மூடியைக் கழற்றச் சொல்லி, திராட்டிலோடு பம்பின் கம்பி அசைகிறதா என்று பாருங்கள். பம்ப் இருந்தாலும் முதலில் கலந்த பெற்றோலிலேயே ஓட்டி, ஒயில் டாங்கியில் டேப் ஒட்டி அளவு இறங்குகிறதா என்று பார்த்த பிறகு நம்புங்கள்.

போன சனிக்கிழமை அந்தப் பக்கம் போனேன். அதே பீப்பாய், அதே சிவப்பு டாங்கி, பக்கத்தில் இன்னொரு எஞ்சின்.