வகுப்பறையில் பாட்காஸ்டும் வலைப்பூவும்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

பாட்காஸ்ட் (இணையத்தில் வெளியாகும் ஒலி நிகழ்ச்சி) ஒரு திட்டம், வலைப்பூ (பிளாக்) இன்னொரு திட்டம் என்று பிரித்து நடத்தினால் இரண்டும் பெரும்பாலும் முதல் ஆண்டு உற்சாகத்தோடு நின்றுவிடும். ஒரே வேலையின் இரண்டு பகுதிகளாக வைத்தால் தொடர்ந்து ஓடும். மாணவர் எழுதுகிறார், எழுதியதை வாய்விட்டுப் படிக்கிறார், நாக்கு தடுக்கும் இடங்களைத் திருத்துகிறார், அதன் பிறகே பதிவு செய்கிறார். ஒலியும் திருத்திய எழுத்தும் வலைப்பூவில் ஒரே பக்கத்தில் ஏறுகின்றன. இதில் கல்விப் பலன் அதிகம் கிடைப்பது நாக்கு தடுக்கும் அந்த இடத்தில்தான். புரியாமல் எழுதிய வாக்கியத்தைக் கண்ணால் கடந்துவிடலாம், வாயால் கடக்க முடியாது. சிவப்பு மையால் பத்து முறை சுட்டிக்காட்டினாலும் மாறாத வாக்கியம், தன் குரலில் ஒருமுறை கேட்டதும் மாறிவிடுகிறது.

பிறர் தயாரித்த பாட்காஸ்டை வகுப்பில் ஒலிக்கவிடுவது எளிது, ஆனால் பலன் குறைவு. இருபது நிமிட நிகழ்ச்சியை முழுதாகப் போட்டால் ஐந்தாவது நிமிடத்திலேயே பாதி வகுப்பு வேறு எங்கோ போய்விடும். மூன்று நான்கு நிமிடத் துண்டாக வெட்டி, கேள்வியை முன்கூட்டியே பலகையில் எழுதிவிட்டுப் போட வேண்டும். கேட்டு முடித்த பின் கேள்வி கொடுத்தால் அது நினைவாற்றல் சோதனை ஆகிவிடுகிறது.

மாணவர் தயாரிப்புக்கு மூன்று நிமிடம் போதும். நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொற்கள் வரும். ஆகவே முந்நூறு சொல் எழுத்து. சிறு வகுப்புகளுக்கு முழு எழுத்தும் கையில் இருக்கட்டும். பெரிய வகுப்புகளில் முழுதாக எழுதிப் படித்தால் ஒப்பித்தல் போலாகிவிடுகிறது. குறிப்பு மட்டும் இருந்தால் மூன்று நிமிடம் பன்னிரண்டு ஆகிவிடுகிறது. முதல் இரண்டு வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் முழுதாக, நடுவில் ஐந்தாறு குறிப்பு என்ற கலவையே நன்றாக வேலை செய்கிறது. எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். விளக்க உரைக்கு எளிய எழுத்துத் தமிழும் நேர்காணலுக்குப் பேச்சுத் தமிழும் பொருந்தும். ஒரே உரையில் இரண்டும் கலந்தால் மாணவர் மனப்பாடம் செய்த இடங்கள் அப்படியே வெளியே தெரியும்.

பதிவுக்கு விலையுயர்ந்த மைக் தேவையில்லை. நல்ல அறைதான் தேவை. வெறும் சுவரும் சிமென்ட் தரையும் உள்ள வகுப்பறையில் எந்த மைக்கும் எதிரொலியைத்தான் எடுக்கும். நூலகத்தில் புத்தக அலமாரிகளுக்கு நடுவே சாதாரண கைபேசி போதும். மின்விசிறியை நிறுத்தி, கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேர் எதிரே பிடித்தால் 'ப', 'ப்ப' வரும் இடமெல்லாம் காற்று மோதி வெடிக்கும். புளூடூத் இயர்போனின் மைக்கைப் பயன்படுத்தவே வேண்டாம். மைக் இயங்கத் தொடங்கியதும் புளூடூத் பொதுவாக அழைப்புக்கான முறைக்கு மாறி, ஒலித்தரத்தை 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்துவிடும். குரல் பழைய தொலைபேசியில் பேசுவது போல் இருக்கும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஒலி அளவு மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபல் வரை தொடலாம். பூஜ்யமே உச்ச எல்லை. அதை முட்டி உடைந்த ஒலியை நம்பும்படி சரிசெய்ய இயலாது, மறுபடி பதிவுதான்.

பேச்சைத் தொடங்குமுன் ஐந்து விநாடி எல்லோரும் அமைதியாக இருந்து வெறும் அறையின் ஒலியைப் பதிவு செய்யுங்கள். இரைச்சலை நீக்க அதுதான் மாதிரி. தவறு நேர்ந்தால் பதிவை நிறுத்தாமல் ஒருமுறை கைதட்டி, இரண்டு விநாடி விட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லட்டும். கைதட்டல் ஒலியலையில் கூரான கோடாகத் தெரியும். வெட்ட வேண்டிய இடத்தைத் தேடி முழுப் பதிவையும் கேட்க வேண்டியதில்லை. தொகுப்பு நேரத்தைப் பாதியாகக் குறைக்கும் பழக்கம் இது ஒன்றுதான்.

தொகுக்க ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும். இலவசம், 2000-லிருந்து இருக்கிறது. முதலில் இரைச்சல் நீக்கம், பிறகு வெட்டுதல், கடைசியில் ஒலி அளவைச் சமன்செய்தல். சமன்செய்வதை முதலில் செய்தால் இரைச்சலும் சேர்ந்து உயரும். இரைச்சல் நீக்கத்தை 12 டெசிபலுக்கு மேல் ஏற்றினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போலாகும். சிறிது இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும். கைபேசியின் எம்4ஏ கோப்பு விண்டோஸில் திறக்கவில்லை என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளை நிறுவ வேண்டும். மாணவர்கள் அடிக்கடி அனுப்பிவிடுவது ஆடாசிட்டியின் புராஜெக்ட் கோப்பை. அது பெரியது, வேறு எதிலும் ஒலிக்காது. 'எக்ஸ்போர்ட்' செய்து எம்பி3, மோனோ (ஒரே ஒலித்தடம்), 64 கிலோபிட் என்று எடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை எம்பி (மெகாபைட்). மூன்று நிமிடம் ஒன்றரை எம்பிக்குள் அடங்கும், மெதுவான இணைப்பிலும் இறங்கும். பேச்சுக்கு இந்தத் தரம் தாராளம்.

பின்னணி இசை சேர்க்க மாணவர்களுக்கு ஆசை அதிகம். தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து விநாடி, பேச்சுக்கு அடியில் வேண்டாம். பிறர் பயன்படுத்தப் படைத்தவரே அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளதை எடுத்து, படைப்பின் பெயர், படைத்தவர், உரிம வகை, இணைப்பு நான்கையும் பதிவின் அடியில் எழுதச் சொல்லுங்கள். மேற்கோள் ஒழுக்கத்தை இதைவிட இயல்பாகக் கற்றுக்கொடுக்க வேறு வாய்ப்பு வருவதில்லை.

வலைப்பூவுக்கு வேர்ட்பிரஸ், பிளாகர் இரண்டும் போதுமானவை. பள்ளிக்கு நாங்கள் வேர்ட்பிரஸையே பரிந்துரைப்போம். காரணம் ஒன்றுதான்: 'கான்ட்ரிபியூட்டர்' என்ற நிலை. அந்த நிலையில் உள்ள மாணவர் எழுதலாம், தானாக வெளியிட முடியாது. ஆசிரியர் பார்த்த பிறகே வெளியாகும். பிளாகரில் எழுதும் உரிமை பெற்றவர் நேரே வெளியிட்டுவிடலாம். ஒரு சிக்கல், கான்ட்ரிபியூட்டரால் படமோ ஒலியோ ஏற்ற முடியாது. குழுவுக்கு ஒருவரை, தானாக வெளியிடும் உரிமை உள்ள 'ஆத்தர்' ஆக்கினால் சரிபார்ப்பே போய்விடும். கோப்புகளைப் பொதுக் கோப்புறையில் வாங்கி ஆசிரியரே ஏற்றுவதுதான் பாதுகாப்பு.

தமிழில் தலைப்பிட்டால் இணைய முகவரியும் தமிழிலேயே உருவாகும். அதை நகலெடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது குறிகளாக விரிந்து, முகவரி பல வரிக்கு நீண்டு, செய்தியில் பாதியில் அறுபடும். வெளியிடுமுன் முகவரியை இரண்டு மூன்று ஆங்கிலச் சொல்லாக மாற்றிவிடுங்கள். வெளியிட்ட பின் மாற்றினால் பகிர்ந்த இணைப்புகள் செயலிழக்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை ஒட்டினால் கூளமாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

பின்னூட்டங்களை எப்போதும் ஒப்புதலுக்குப் பிறகே வெளிவரும்படி வையுங்கள். 'நன்று', 'அருமை' என்று நிறையும் பின்னூட்டப் பெட்டியால் யாருக்கும் பயனில்லை. பதிவிலிருந்து ஒரு வரியைக் குறிப்பிட்டு ஒரு கேள்வி என்று விதி வைத்தால் எழுதியவர் மறுபடி புத்தகத்தைத் திறப்பார்.

பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் குரல், பெயர், படம் மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். குரலுக்குச் சம்மதித்தவர் படத்துக்குச் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது. கைபேசிப் படங்களில் இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், அதை நீக்கியே ஏற்ற வேண்டும். 'தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்' என்ற அமைப்பு பூட்டு அல்ல, வேண்டுகோள் மட்டுமே. வகுப்புக்குள் மட்டும் இருக்க வேண்டியது என்றால் கடவுச்சொல்தான் வழி. ஆர்எஸ்எஸ் ஓடை (புதிய நிகழ்ச்சிகளைப் பாட்காஸ்ட் செயலிகளுக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் இணைப்பு) வழியாகச் செயலிகளுக்குள் போன நிகழ்ச்சியை நீக்கினாலும், கேட்பவரின் கைபேசியில் இறங்கிய நகல் அங்கேயே இருக்கும். ஆகவே பள்ளிக்கு வலைப்பூப் பக்கத்தில் ஒலிக்கும் பிளேயரே போதும்.

மதிப்பெண்ணை ஒலியின் மெருகுக்குக் கொடுத்தால் நல்ல கைபேசி உள்ளவர் ஜெயிப்பார். இருபதில் தகவல் தேடலுக்கு ஆறு, எழுத்துக்கும் திருத்தத்துக்கும் எட்டு, பேச்சுக்கு மூன்று, படைத்தவரைக் குறிப்பிடும் நன்றிக்குறிப்புக்கு மூன்று என்று பிரிக்கலாம். முதல் வரைவையும் கடைசி வரைவையும் சேர்த்தே வாங்குங்கள். நாற்பது பேர் வகுப்பில் நால்வர் குழுவாகப் பத்து நிகழ்ச்சிகள். பருவத்துக்கு ஒன்று போதும். வாரந்தோறும் என்று தொடங்கினால் ஆசிரியர்தான் முதலில் களைத்துப்போவார். எழுதுவது, பேசுவது, தொகுப்பது, பதிவேற்றத்துக்குத் தயார்செய்வது ஆகிய நான்கும் ஒவ்வொரு முறையும் கை மாற வேண்டும். இல்லாவிட்டால் கூச்சப்படும் குழந்தை ஆண்டு முழுக்க மைக்கின் பக்கமே வராது.

தளங்கள் நிலையானவை அல்ல. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல் மூடப்பட்டது. நிர்வாகக் கணக்கு ஓர் ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால் அவர் மாறுதலாகிப் போகும் நாளில் வலைப்பூவும் கைவிட்டுப் போகும். பள்ளி மின்னஞ்சலில் இரண்டு நிர்வாகிகள் வேண்டும். ஆண்டு முடிவில் வேர்ட்பிரஸில் 'எக்ஸ்போர்ட்' எடுங்கள். ஆனால் அந்தக் கோப்பில் எழுத்து மட்டுமே வரும். ஒலிக்கும் படத்துக்கும் முகவரிகள்தான் இருக்கும். எம்பி3 கோப்புகளையும் படங்களையும் தனியாக ஒரு வன்தட்டில் ஆண்டு, வகுப்பு, குழு என்று பெயரிட்டு நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.