கியர் நழுவிய ஆட்டோமேட்டிக்கும் வீட்டில் பொருத்திய ஆயில் கூலரும்: காரைக்குடியிலிருந்து ஓர் அனுபவம்

பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக் காருக்கு கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலரை வீட்டிலேயே பொருத்தினோம். சில நாட்களில் கியர் நழுவத் தொடங்கியது. கியர்பெட்டியைத் திறக்காமலேயே அதைச் சரிசெய்து, இப்போது சில ஆண்டுகள் ஓட்டியாகிவிட்டது. இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், எண்ணெய் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கூலர் எதற்கு என்று கேட்பவர்கள் தைப்பூச நேரத்தில் குன்றக்குடி சாலையில் காரில் போய்ப் பார்க்க வேண்டும். பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக் கூட்டம் குன்றக்குடியிலிருந்து கிளம்பி சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போகும். நடப்பவர்களுக்கு மோரும் பலகாரமும் ஏற்றிக்கொண்டு, பின்னிருக்கையில் ஆச்சியை உட்காரவைத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தின் பின்னால் ஊர்ந்துகொண்டே போவோம். லீவர் ‘டி’யில், கால் பிரேக்கில். ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுழலாதபோது, அந்த வித்தியாசம் முழுவதும் எண்ணெயில் சூடாக இறங்குகிறது. வேகமாக ஓடினால் லாக்-அப் கிளட்ச் இரண்டு பக்கத்தையும் பூட்டிவிடும், சூடு குறையும். ஊர்ந்தால் அது பூட்டாது. எண்ணெய் ஏறக்குறைய 80 டிகிரியைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு 11 டிகிரி ஏற்றத்துக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. தைப்பூசமாவது தை மாதம். சித்திரை வெயிலில் இதே ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

என் மச்சான் தேவகோட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கூலர் பொருத்தியது அவர்தான், நான் கூட நின்றேன். ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் சிறு குழாய் ஒன்று கம்பெனி அமைப்பில் உண்டு. அதிலிருந்து பெட்டிக்குத் திரும்பும் வழியில், ஏசி கண்டென்சருக்கு முன்னால், அலுமினியத் தகடுகள் அடுக்கிய சிறிய கூலர் ஒன்றை அவர் இணைத்தார். தாங்கிகளைப் பட்டறையிலேயே செய்தார். வேலை சுத்தமாக இருந்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பிறகுதான் நழுவல் ஆரம்பித்தது. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. புதுக்கோட்டைப் பக்கம் போகும்போது திருமயம் கோட்டையைத் தாண்டி, எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகு, ஆக்சிலேட்டரை மிதமாக அழுத்தினால் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் ஆர்பிஎம் முள் 2,000-ஐ விட்டுத் துள்ளி 3,000-ஐத் தொடும். எஞ்சின் கத்தும், வண்டி அப்படியே மிதக்கும். ஒரு நொடி கழித்து மூன்றாம் கியர் வழவழவென்று வந்து சேரும். அதோடு, நிற்கும் வண்டியில் லீவரை ‘டி’க்குத் தள்ளினால் பிடிப்பதற்கு முன்னால் ஒரு தயக்கம்.

ஊரில் ஆட்டோமேட்டிக் தெரிந்தவர் என்று சொன்ன ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கைக்கூட அவர் இழுத்துப் பார்க்கவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு, பெட்டிக்குள் கியர்களைப் பிடிக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன, பெட்டியை இறக்க வேண்டும் என்றார். சொன்ன தொகை காரின் சந்தை விலையில் கணிசமான பகுதி. இன்னொரு கடைக்காரர் நழுவலை நிறுத்தும் திரவம் என்று ஒரு புட்டியை நீட்டினார். அவற்றில் பெரும்பாலானவை ரப்பர் சீல்களை ஊதவைத்து, உள்கசிவைக் கொஞ்ச நாள் மறைக்கும் ரகம். சீல் இறுகிப்போன மிகப் பழைய பெட்டியில் அதற்கு ஒரு பயன் இருக்கலாம். நேற்றுவரை ஒழுங்காக ஓடி, கை வைத்த பிறகு நழுவும் பெட்டியில் அதை ஊற்றினால் காரணம் மறைந்துபோகும், நோய் அப்படியே இருக்கும்.

கை வைத்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்பது மச்சானின் பேச்சு. “பெட்டிக்குள் நாம் போகவே இல்லை, மாப்பிள்ளை. வெளியே எதைத் தொட்டோமோ அதை மட்டும் பாருங்கள்” என்றார். அது நியாயமாகப் பட்டது.

முதலில் எண்ணெய் மட்டம். இதைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வண்டியைப் பதினைந்து கிலோமீட்டராவது ஓட்டி எண்ணெயைச் சூடாக்க வேண்டும், ஏனென்றால் சூட்டில் இந்த எண்ணெய் நன்றாக விரியும். பிறகு சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய் ‘பி’க்குத் திரும்ப வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை இழுத்து, பஞ்சு பிரியாத துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுக்க வேண்டும். சில தயாரிப்புகளில் எஞ்சினை அணைத்த பிறகு பார்க்கச் சொல்வார்கள், எனவே கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடு தெருவுக்குத் தெரு நீளும் பழைய வீடு. கார் நிற்கும் பின்வாசலில் மழைநீர் ஓடுவதற்கு வாட்டம் வைத்துத் தளம் போட்டிருக்கிறார்கள். அங்கே பார்த்த அளவு ஒன்று, பெட்ரோல் பங்கின் சமதளத்தில் பார்த்த அளவு வேறு. பங்கில் பார்த்தபோது மட்டம் சூட்டுக் குறிக்குக் கீழே தெளிவாக நின்றது. புதிய கூலரும் அதன் ஹோஸ்களும் தங்கள் பங்குக்கு எண்ணெயை வாங்கிக்கொண்டன, அவ்வளவுதான்.

மட்டம் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். நுரைத்த எண்ணெய் அமுங்கிக்கொடுக்கும், கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்காது. அதிகமாக ஊற்றினாலும் இதே கதைதான், சுழலும் பற்சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். அதனால் நீண்ட புனல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் மட்டம் பார்த்தோம். மொத்தம் அரை லிட்டரை ஒட்டிப் போனது. டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பார்த்தேன். நடுவில் சிவப்பு, ஓரத்தில் இளம்பழுப்பு வளையம். கருப்புத் துகள் இல்லை, தீய்ந்த வாடை இல்லை. தட்டுகள் கருகியிருந்தால் அந்த வாடை மூக்கில் ஏறும். பெட்டியை இறக்கச் சொன்னவரின் தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை போனது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான்.

‘டி’யில் இருந்த தயக்கம் போய்விட்டது. நழுவல் குறைந்தது, ஆனால் போகவில்லை.

அடுத்ததுதான் கேஜ். இந்த வகைப் பெட்டிகளின் பக்கவாட்டில் எண்ணெய் அழுத்தத்தை அளக்க ஒரு சிறு பிளக் வைத்திருப்பார்கள். கார் பட்டறைகளில் அதற்கான கேஜ் கிடைக்கவில்லை. ஜேசிபி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கிடைத்தது. ஹைட்ராலிக் வேலை செய்பவர்களுக்குக் கேஜ் இல்லாமல் பொழுது போகாது. பிளக்கின் மரை வேறாக இருந்ததால் மச்சான் ஓர் இணைப்பி கடைந்து கொடுத்தார். எங்கள் பெட்டிக்குக் கையேடு சொல்லும் அளவு, ‘டி’யில் ஆக்சிலேட்டரைத் தொடாத ஐடிலிங்கில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ. பிரேக்கை இறுக மிதித்து ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தும் ஸ்டால் நிலையில் 10 கிலோவை ஒட்டி வர வேண்டும். ஸ்டால் சோதனையை ஐந்து நொடிக்கு மேல் செய்யக்கூடாது, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுக்காமல் செய்யவே கூடாது, வண்டிக்கு முன்னால் ஒருவரும் நிற்கக்கூடாது.

ஐடிலிங்கில் முள் சரியாக 4-ல் நின்றது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஏற வேண்டிய முள் சோம்பலாக நகர்ந்து பாதி வழியில் நின்றுவிட்டது. இந்த ஒரு காட்சிக்காகவே கேஜுக்கு அலைந்தது தகும். பம்ப் தேய்ந்திருந்தாலும் ஃபில்டர் அடைத்திருந்தாலும் அழுத்தம் எல்லா நிலையிலும் தள்ளாடியிருக்கும். ஐடிலிங்கில் சரியாக நின்று, காலுக்கு ஏற்றபடி மட்டும் ஏறவில்லை என்றால், காலின் செய்தி பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

அந்தச் செய்தியைக் கொண்டுபோவது ஒரு கேபிள். கணினி வருவதற்கு முந்தைய தலைமுறைப் பெட்டிகளில் எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலிலிருந்து, பெட்டிக்குள் எண்ணெயின் வழியையும் அழுத்தத்தையும் ஆளும் வால்வு பாடிக்கு ஒரு மெல்லிய கேபிள் போகும். பலர் இதைக் கிக்டவுன் கேபிள் என்று சொல்லி, முந்திச் செல்லும்போது கியரைக் குறைக்க மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். இந்த வகையில் அதன் முக்கிய வேலை வேறு. எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு இறுக்கமாகக் கிளட்சுகளைப் பிடிக்கும்படி அழுத்தத்தை ஏற்றுவதும் அதுதான். கேபிள் தளர்ந்தால் கியர் சீக்கிரமாகவும் மென்மையாகவும் மாறும். ஓட்டுபவருக்கு அந்த மென்மை சுகமாக இருக்கும். உள்ளே தட்டுகள் உரசிக்கொண்டிருக்கும். அப்படியே பல மாதம் ஓட்டினால் பெட்டியை இறக்கத்தான் வேண்டும்.

கூலரின் தாங்கியைப் பொருத்தக் கை நுழைய இடம் வேண்டி ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றியிருந்தோம். அதன் பக்கத்தில்தான் கேபிள் உறையைப் பிடிக்கும் தகடு. அதிலிருந்த இரண்டு நட்டுகளில் ஒன்று விரலால் சுழலும் அளவுக்கு இளகியிருந்தது. கேபிளின் மேல் கடுகு அளவில் ஓர் உலோக மணி நசுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். த்ராட்டில் முழுதாகத் திறந்த நிலையில், உறையின் கருப்பு ரப்பர் முனைக்கும் அந்த மணிக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீட்டர் இருக்கலாம் என்கிறது கையேடு. எஞ்சினை அணைத்துவிட்டு என் மகன் பெடலைத் தரையோடு அழுத்திப் பிடிக்க, டார்ச் அடித்துப் பார்த்தேன். மணி ரப்பருக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. நட்டுகளைத் திருப்பி உறையை இழுத்து, மணி விளிம்போடு எட்டிப் பார்க்கும்படி வைத்துப் பூட்டினோம். கேஜில் முள் இந்த முறை தயங்காமல் 10-ஐ நெருங்கியது. செலவு ஒன்றுமில்லை.

அதன் பிறகு நழுவல் இல்லை. கியர் மாற்றம் முன்னைவிடச் சற்று அழுத்தமாக, தோளில் லேசாகத் தெரியும்படி இருக்கிறது. ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை, பழைய மென்மைதான் நன்றாக இருந்தது என்கிறார்.

கூலரைப் பற்றி இனிச் சொல்லலாம். கொடைக்கானல் ஏற்றத்திலும் காவடிக் கூட்டத்தின் பின்னாலும் பெட்டி இப்போது நிதானமாக இருக்கிறது. எண்ணெயின் நிறம் மாறுவது கண்கூடாகத் தாமதமாகிறது. குளிர்நாடுகளில் எண்ணெய் அளவுக்கு மேல் குளிர்ந்துவிடாமல் இருக்கத் தெர்மோஸ்டாட் வைத்த கூலர் போடுவார்கள். செட்டிநாட்டு வெயிலுக்கு அது வீண் செலவு. மார்கழி விடியற்காலையில் முதல் ஓரிரு கிலோமீட்டர் கியர் சற்று மந்தமாக மாறும், அதோடு சரி. மைலேஜில் வித்தியாசம் தெரியவில்லை. குறை என்றால் ஹோஸ்தான். முதலில் போட்ட சாதாரண ரப்பர் ஹோஸ் சூட்டு எண்ணெயில் உப்பி, தொட்டால் பிசுபிசுத்தது. கியர் எண்ணெய்க்கென்றே வரும் ஹோஸாக மாற்றி, முனையில் வரம்பு எழுப்பிய குழாயில் இரட்டைக் கிளாம்ப் போட்ட பிறகு நிம்மதி. கூலரின் தகடுகளுக்கிடையே செம்மண் தூசும் பூச்சிகளும் அடைகின்றன. பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டால் போய்விடும். பிரஷர் வாஷரை அருகில் வைத்தால் தகடு மடங்கிவிடும்.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் மட்டும் போய்வருபவருக்கு இந்தக் கூலர் தேவையே இல்லை. எண்ணெயை ஒழுங்காக மாற்றினால் போதும். அதுவும் ஒரே தடவையில் முழுதாக மாறாது என்பதை நினைவில் வையுங்கள். பெட்டியின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியை (ஆயில் பான்) திறந்து வடித்தால் பாதிகூட வராது, மிச்சம் கன்வெர்ட்டருக்குள் இருக்கும். கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்ற வேண்டும்.

இந்தக் கேபிள் கதை எல்லாக் கார்களுக்கும் பொருந்தாது. இன்று சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் பெட்டியைத்தான் மோட்டார் வைத்து இயக்குகிறது. அது நழுவினால் கிளட்ச் தட்டையும் அதை இயக்கும் கருவியையும் பார்க்க வேண்டும். பெல்ட்டும் கப்பியும் வைத்து இயங்கும் சிவிடி நழுவினால் ஓட்டிப் பார்த்துச் சோதிக்கவே வேண்டாம், பெல்ட் உரசி கப்பியில் கோடு விழுந்தால் பெட்டி போனது. அதன் எண்ணெயும் தனி ரகம், சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயை (ஏடிஎஃப்) ஊற்றக்கூடாது. கணினி ஆளும் புதிய பெட்டிகளில் கேபிளின் வேலையை த்ராட்டில் சென்சாரும் சோலினாய்டு என்ற மின் வால்வும் செய்கின்றன, அங்கே ஸ்கேனர் மாட்டிப் பிழைக்குறியீட்டைப் படிப்பதுதான் முதல் வேலை.

அடுத்த எண்ணெய் மாற்றத்தில் அந்த எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் காந்தத்தைப் பார்க்கப்போகிறேன். குழைத்த திருநீறு போலச் சாம்பல் நிறத்தில் மெலிதாக ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு மூடிவிடலாம். உலோகச் செதிலோ, கருப்பாகத் தட்டின் மேற்பூச்சோ உதிர்ந்து கிடந்தால் பெட்டி மதுரைக்குப் போகும். அங்கேயும் முதல் கேள்வி கேஜைப் பற்றித்தான்.